வெங்காயப் பாத்தியும் வெள்ளைச் சுவரும்

1990இல் போர் மறுபடி மூண்டதும் ஈழத்தமிழர் படகேறித் தமிழ்நாட்டின் மண்டபம் வந்து இறங்கினார்கள். அதே ஆண்டு அக்டோபரில் விடுதலைப் புலிகள் இலங்கையின் வடக்கிலிருந்து வெளியேற்றிய முஸ்லிம்கள், ஏறத்தாழ 75,000 பேர், பெரும்பாலும் அதே நாட்டின் புத்தளம் போய்ச் சேர்ந்தார்கள். இரு பக்கமும் இடம் கொடுத்தவர்களில் பலர் கிராமத்து எளிய மக்கள்.

புத்தளத்தில் பள்ளிவாசலும் பள்ளிக்கூடமும் வீட்டு முற்றமும் திறந்தன. பிறகு கிடுகுக் கொட்டில்கள் எழுந்தன. வடக்கில் வயலும் கடையுமாக வாழ்ந்த குடும்பத்துப் பெண்கள் கற்பிட்டியின் வெங்காயத் தோட்டங்களில் கூலிக்கு இறங்கினார்கள். மணல் தரை, கிணற்று நீர், பகல் முழுக்கக் குனிந்தபடி நடுகையும் களையெடுப்பும். ஆள் கூடக் கூடக் கூலி குறைந்தது. உள்ளூர் ஏழைக்குக் கோபம் வந்ததில் தவறில்லை: நிவாரண அரிசி வந்தவருக்கு, கூலிக் குறைவு இருவருக்கும். 2007இல் உலக வங்கி உதவியோடு தொடங்கிய வீட்டுத் திட்டத்தில் உள்ளூர் ஏழைகள் சிலரையும் சேர்த்துக்கொண்டார்கள். புத்தளத்தில் நடந்தவற்றுள் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

தமிழ்நாட்டு முகாம்களில் ஆண்களின் தொழில் என்றால் பெயின்ட் அடிப்பதுதான். ஏன் அது? நிலம் வேண்டாம், முதல் வேண்டாம், சான்றிதழ் வேண்டாம். சாரத்தில் நின்று பட்டி பார்த்து, உப்புத்தாள் தேய்த்து, இரண்டு கோட்டிங் அடித்தால் அன்றைய கூலி கையில். நகக்கண்ணில் படிந்த வெள்ளை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தாலும் முழுதாகப் போகாது. எவ்வளவு தூரம் வேலைக்குப் போனாலும் முகாம் குடும்பங்களுக்குத் தமிழ்நாடு அரசு பணக்கொடை தரும் நாளில் முகாமுக்கு வந்து கையெழுத்திட வேண்டும். குடும்பத் தலைவருக்கான அந்தத் தொகையை அரசு 2021இல் 1,500 ரூபாயாக உயர்த்தியது. அப்போதே 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித்தருவதாகவும் அறிவித்தது.

மொழியாலும் உறவாலும் பார்த்தால் முகாம்காரர் அந்நியரல்லர். அவர்கள் பிள்ளைகள் ஊர்ப் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் படிக்கிறார்கள். ஆனாலும் புத்தளத்துக் கூலிப்பெண்ணுக்கு இருந்த ஒன்று இவர்களுக்கு இல்லை. அவள் அந்த நாட்டின் பிரஜை. வெங்காயக் கூலியில் மிச்சம் பிடித்துப் பத்துப் பேர்ச் காணியைத் தன் பெயரில் எழுதிக்கொள்ள முடிந்தது. போர் முடிந்தபின் மன்னாரில் காடேறிக் கிடந்த பழைய காணியைத் துப்புரவாக்கப் போன குடும்பங்கள் பல, புத்தளத்து வீட்டையும் விடவில்லை.

இங்கே முகாமில் பிறந்து, முகாமிலேயே தாயானவளும் பதிவேட்டில் அகதிதான். இந்தியாவின் 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம், எந்த நாடுகளிலிருந்து வந்த சிறுபான்மையினர் குடியுரிமை கோரலாம் என்பதற்கு மூன்று நாடுகளைப் பெயர் சொல்லிச் சேர்த்தது. இலங்கை அதில் இல்லை.