ஊர்க்காவலும் பிரட்டுக்களமும்: ஒரு நகைச்சுவைத் தொடரை ஊவாவிலிருந்து நோக்கல்

பி.பி.சி. தொலைக்காட்சியில் 1968 முதல் 1977 வரை எண்பது பகுதிகளாக ஒளிபரப்பான 'டாட்ஸ் ஆர்மி' என்னும் நகைச்சுவைத் தொடர், இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஆங்கிலேய ஊர்க்காவற் படையைப் பொருளாகக் கொண்டது. கற்பனைக் கடற்கரைச் சிற்றூர் ஒன்றின் வங்கி முகாமையாளர் மானரிங் படைத்தலைவர். அவரினும் உயர்குடிப் பிறந்த வங்கி எழுத்தர் வில்சன் அவருக்குக் கீழ்ப்பட்ட சார்ஜன்ட். இவ்வர்க்க முரணையே ஆசிரியர்களான ஜிம்மி பெரியும் டேவிட் குரொப்ட்டும் சிரிப்பின் ஊற்றாக்கினர். அதில் அவர்கள் பெற்ற வெற்றியை நாம் மறுப்பதற்கில்லை.

ஆயின், குடியேற்றநாடு குறுக்கிடும்போது அவர்களது பார்வை மழுங்கிவிடுகின்றது. இறைச்சிக் கடைக்காரரான முதியவர் ஜோன்ஸ், சூடானில் கிச்சனரின் படையில் தாம் பொருத கதையை ஓயாது கூறுபவர். துப்பாக்கிமுனைக் கத்திக்கு இரையான மக்கள் அக்கதையில் வெறும் வேடிக்கைப் பொருளே. ஜோன்ஸும் நகையாடப்படுகின்றாரே எனலாம். உண்மை, ஆயின் நகைக்கப்படுவது அவரது அலுப்பூட்டும் பேச்சேயன்றி அவர் புரிந்த போரன்று.

ஊர்க்காவற் தொண்டர்களை ஈடன் வானொலியில் அழைத்தது 1940 மே 14ஆம் நாள். அதற்கு இரு நாட்களுக்கு முன்னர், மே 12ஆம் நாள், நீதவானின் கூட்டத்தடையை மீறி என். எம். பெரேரா பதுளையில் பெருங்கூட்டமொன்றில் உரையாற்றினார். சனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் பொலிஸாரால் சுட்டுக் கொல்லப்பட்டபின் வேலைநிறுத்தங்கள் ஊவாவரை பரவியிருந்த காலம் அது. வெவெஸ்ஸத் தோட்டத்தில் தொழிலாளர் தமக்கொரு சபையைத் தேர்ந்தெடுத்தனர். அதனைக் கலந்தே நடப்பதாகத் துரை ஒப்புக்கொண்டார். அடக்கவந்த ஆயுதப் பொலிஸாரின் ஆயுதங்களைத் தொழிலாளர் களைந்தனர். (மானரிங் துரையாக இருந்திருப்பின் எத்துணை நல்ல காட்சி!) சூனில் பெரேரா முதலிய சமசமாஜத் தலைவர்கள் சிறைப்படுத்தப்பட்டனர்.

இலங்கைத் துரைமாருக்கும் ஒரு தொண்டர்படை இருந்தது. 1900இல் அமைக்கப்பட்ட தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படை ஐரோப்பியரை மட்டுமே சேர்த்துக்கொண்டது. நாம் ஒப்புநோக்க வேண்டிய இடம் இதுவே. வங்கியாளரும் இறைச்சிக் கடைக்காரரும் ஒரே வரிசையில் நின்றமையாலேயே அத்தொடரில் சிரிப்பு பிறந்தது. துரையும் தொழிலாளியும் ஒரே வரிசையில் நிற்கவேயில்லை. தோட்டத்தில் அணிவகுப்பு இல்லாமலுமில்லை. விடியலில் தொழிலாளர் பெயர் கொடுக்கக் கூடும் இடத்தைப் 'பிரட்டுக்களம்' என்பர். 'பரேட்' என்ற படைச்சொல்லின் திரிபே அது. அங்கே துரை பார்வையிடுபவர், தொழிலாளி எண்ணப்படுபவர். அவ்வரிசையிலிருந்து ஊரைக் காக்க எவரையும் அழைத்ததில்லை.

எந்த ஊர் என்பதும் வினாவே. தோட்டத்து முதியோர் பேச்சில் 'ஊர்' என்பது கடலுக்கு அப்பாலுள்ள தமிழகத்துக் கிராமம். தாம் பிறந்து உழைத்த இடம் 'தோட்டம்' மட்டுமே. துரைமார் படை 1949இல் கலைக்கப்பட்டது. முந்திய ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தைத் தொடர்ந்து, மலையகத் தமிழரிற் பெரும்பாலோர் வாக்குரிமையை இழந்ததும் அதே ஆண்டிலேதான்.