நாட்டுக்கு ஒரு நாவல்

உலகத்தைப் படித்து முடிப்பது இப்போது ஒரு பந்தயமாகிவிட்டது. லண்டனில் ஒலிம்பிக் நடந்த 2012இல், அப்போது அங்கே வசித்த ஆன் மார்கன், நாட்டுக்கு ஒரு புத்தகம் என்று வைத்துக்கொண்டு 196 நாடுகளையும் ஒரே ஆண்டில் படித்தார். 2015இல் அதைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். அதன்பிறகு இந்த மோகம் பலரையும் பிடித்துக்கொண்டது. உலக வரைபடத்தில் ‘படித்த’ நாடுகளுக்கு வண்ணம் தீட்டுகிறார்கள். டிசம்பர் பிறந்தால் இந்த ஆண்டு இத்தனை நாடு என்று கணக்கு ஒப்பிக்கிறார்கள். தமிழிலும் வந்தாயிற்று. குறை சொன்னால் கையோடு ஒரு பதில் கிடைக்கும்: ஒன்றுமே படிக்காமல் இருப்பதற்கு நாட்டுக்கு ஒன்றாவது படிப்பது மேல் அல்லவா?

மேல் இல்லை என்பதே என் கட்சி. அதற்கு முன் நல்லதைச் சொல்லிவிடலாம்.

சாவோ தோமே பிரின்சிப்பி என்ற தீவு நாட்டிலிருந்து ஆங்கிலத்தில் எதுவும் கிடைக்காதபோது, மார்கனுக்காகத் தன்னார்வலர்கள் சேர்ந்து போர்ச்சுகீசிய மொழியிலிருந்த ஒரு சிறுகதைத் தொகுப்பைப் பங்கு போட்டு மொழிபெயர்த்துக் கொடுத்தார்கள். 2011இல் பிறந்த தெற்கு சூடானுக்காக அந்நாட்டு எழுத்தாளர் ஒருவர் புதிதாகவே எழுதித் தந்தார். சர்வதேச புக்கர் பரிசு 2016 முதல் 50,000 பவுண்டை ஆசிரியருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் சரிபாதியாகக் கொடுக்கிறது. 2025இல் பானு முஷ்தாக்கின் கன்னடக் கதைகள் பரிசு பெற்றபோது அதில் பாதி தீபா பஸ்திக்குப் போனது. ஆங்கிலத்துக்கு வெளியேயும் எழுத்து இருக்கிறது என்பதை ஆங்கில வாசகருக்கு உறைக்க வைத்ததில் இந்த அலைக்குப் பங்கு உண்டு. இதற்கு மேல் பாராட்ட எனக்கு ஒன்றும் இல்லை.

என் மறுப்பு பழையது. நாட்டை வாசிப்பின் அலகாக்கினால் நாவல் சாட்சிக் கூண்டில் ஏறிவிடுகிறது. உங்கள் ஊரில் என்ன நடக்கிறது, அதை மட்டும் சொல் என்று குறுக்கு விசாரணை தொடங்குகிறது. எப்படிச் சொல்கிறாய் என்று கேட்பாரில்லை. மதிப்புரையைத் திருப்பினால் முதல் பத்தியில் அந்நாட்டின் சர்வாதிகாரி, இரண்டாம் பத்தியில் உள்நாட்டுப் போர், மூன்றாம் பத்தியில் பெண்கள் நிலை. கதை சொல்பவரின் குரலைப் பற்றி ஒரு வரி இருந்தால் பெரிது.

பிரேசிலிலிருந்து ஒரு உதாரணம். மச்சாடோ டி அசிஸ் 1881இல் புத்தகமாக வெளியிட்ட நாவலில் பிராஸ் கூபாஸ் என்ற பணக்காரன் செத்த பிறகு தன் வாழ்க்கைக் கதையைச் சொல்கிறான். சிறுவனாக இருந்தபோது வீட்டு அடிமைச் சிறுவன் புருடென்சியோவைக் குதிரையாக்கி, வாயில் கயிறு கட்டி, முதுகில் ஏறிச் சவாரி செய்தவன் அவன். பல ஆண்டுகள் கழித்துத் தெருவில் ஒருவன் தன் அடிமையைச் சவுக்கால் அடிப்பதைப் பார்க்கிறான். அடிப்பவன் அதே புருடென்சியோ. விடுதலை பெற்று, சம்பாதித்து, தனக்கென்று ஓர் அடிமையை வாங்கியிருக்கிறான். பழைய எஜமானர் நிறுத்தச் சொன்னதும் கைகட்டி நிறுத்திவிடுகிறான். பிராஸ் கூபாஸ் இதை ரசித்துச் சிரித்துவிட்டு, தத்துவம் ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு நடையைக் கட்டுகிறான்.

நாடு தேடி வருகிறவர் இந்தக் காட்சியிலிருந்து எடுத்துக்கொள்வது, பிரேசிலில் அடிமை முறை கொடுமையானது என்ற தகவல். அது 1888இல்தான் ஒழிந்தது என்பது கலைக்களஞ்சியத்திலேயே இருக்கிறது. மச்சாடோ செய்தது வேறு. அடித்தவனும் அடிபட்டவனும் இருக்க, சிரித்துக்கொண்டே சொல்கிறவனைக் குற்றவாளியாக்குகிறார், அதுவும் அவன் வாயாலேயே. அதற்காகத்தான் அந்த இனிமையான, அரட்டையடிக்கிற, வாசகரைத் தோளில் தட்டுகிற குரல். அதே நாவலின் ஓர் அத்தியாயம் முழுக்கப் பேச்சுக்குப் பதில் புள்ளிகளும் கேள்விக்குறிகளும் ஆச்சரியக்குறிகளும்தான். காதலர் இருவரின் உரையாடல் அது. அந்தப் பக்கத்திலிருந்து பிரேசிலைப் பற்றி என்ன தெரிந்துகொள்ள முடியும்? ஒன்றும் முடியாது. ஆகவே அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். தகவல் தேடுகிறவருக்கு அது வீண் பக்கம்.

புனைவுக்குத்தான் இந்தச் சிக்கல், அபுனைவுக்கு நாடு பொருந்தும்தானே என்று கேட்கலாம். அங்கேதான் வேடிக்கை இன்னும் அதிகம். போலந்துப் பத்திரிகையாளர் ரிஷார்ட் கபுஷ்சின்ஸ்கி 1978இல் வெளியிட்ட ‘பேரரசர்’, 1974இல் பதவியிழந்த எத்தியோப்பியாவின் ஹைலி செலாசியைப் பற்றியது. அரண்மனை ஊழியர்கள், பெயருக்குப் பதில் வெறும் எழுத்துகளாக நின்று, தங்கள் வேலையைச் சொல்கிறார்கள். பேரரசரின் நாய்க்குட்டி பிரமுகர்களின் காலணியில் சிறுநீர் கழிக்கும். அதைப் பட்டுத் துணியால் துடைப்பதே ஒருவருக்கு உத்தியோகம். குள்ளமான பேரரசரின் கால் அரியணையிலிருந்து தொங்காதபடி தலையணை வைப்பது இன்னொருவருக்கு. போலந்து வாசகர்கள் இதைப் படித்துவிட்டு எத்தியோப்பியாவை நினைக்கவில்லை. அப்போது தங்களை ஆண்ட கம்யூனிஸ்ட் தலைவர் கீரெக்கின் கட்சித் தலைமையகத்தை நினைத்தார்கள். தணிக்கையின் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு எழுதிய உருவகம் என்று அது அங்கே கையிலிருந்து கைக்கு மாறியது. எத்தியோப்பியாவை அறிந்தவர்களோ பல விவரங்கள் தவறு என்றார்கள். செலாசி படிக்கும் வழக்கமில்லாதவர் என்று அந்தப் புத்தகம் சொல்வது அதிலொன்று. 2010இல் ஆர்தர் டோமோஸ்வாவ்ஸ்கி எழுதிய வாழ்க்கை வரலாறு, கபுஷ்சின்ஸ்கியின் நிருபர் எழுத்தில் எவ்வளவு கற்பனை என்ற கேள்வியைப் பகிரங்கமாகவே எழுப்பியது.

இப்போது சொல்லுங்கள், வரைபடத்தில் எந்த நாட்டுக்கு வண்ணம் அடிப்பது? எத்தியோப்பியாவுக்கு அடித்தால் பொய். போலந்துக்கு அடித்தால் புத்தகத்தில் போலந்து என்ற சொல்லுக்கு வேலையே இல்லை. பட்டுத் துணியோடு குனிந்து நிற்கிற அந்த மனிதரோ எந்தத் தலைமைச் செயலகத்திலும் நமக்குத் தெரிந்தவர்தான். புத்தகத்தின் உண்மை இருப்பது அங்கே. நாட்டுப் பட்டியலில் அதற்கு இடமில்லை.

இவோ ஆண்ட்ரிச்சும் அப்படித்தான். 1961இல் நோபல் பெற்ற அவர் போஸ்னியாவில் குரோவேசியப் பெற்றோருக்குப் பிறந்து, பெல்கிரேடில் வாழ்ந்து மறைந்தார். அவர் குடிமகனாக இருந்த யூகோஸ்லாவியா இன்று இல்லை. மூன்று நாடுகள் அவருக்கு உரிமை கொண்டாடுகின்றன. பிராகில் பிறந்து ஜெர்மன் மொழியில் எழுதிய காஃப்காவை எங்கே ஒட்டுவது? நல்ல எழுத்தாளர்களில் பாதிப் பேர் இந்தக் கட்டங்களுக்குள் அடங்க மாட்டார்கள். அடங்குகிறவர்கள்மீது எனக்குச் சந்தேகமே வருகிறது.

பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். ஒரே அரிசி, ஒரே உலை என்றால் சரி. நைஜீரியாவில் 500க்கும் மேற்பட்ட மொழிகள். பட்டியல்காரர் கைக்கு முதலில் வருவது சினுவா அச்செபேயின் 1958ஆம் ஆண்டு நாவல்; தமிழில் ‘சிதைவுகள்’. மகத்தான நாவல், ஐயமில்லை. ஆனால் அது இக்போ கிராமத்தின் கதை, ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. அதே நாட்டின் வடக்கே கானோ நகரச் சந்தையில், பெண்கள் ஹவுசா மொழியில் எழுதி, பெண்களே வாங்கிப் படிக்கும் மலிவு விலைக் காதல் நாவல்கள் குவிந்து கிடந்தன. அவற்றில் ஒன்று, பலராபா ரமத் யாகுபு எழுதியது, 2012இல் ஆங்கிலத்தில் வந்தது. வெளியிட்டது லண்டனோ நியூயார்க்கோ இல்லை; நம் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம். கணவன் துரத்திவிட, ஒன்பது பிள்ளைகளோடு சமைத்து விற்றுப் பிழைக்கும் ராபியின் கதை. நம்மூர் மாத நாவல்களைப் படித்து வளர்ந்தவர்களுக்கு அதன் வேகமும் திருப்பங்களும் அந்நியமாகவே தோன்றாது. அச்செபேக்குப் பக்கத்தில் இதை வைத்துப் படித்தால்தான் இரண்டுமே தெளிகின்றன: ஒன்று வெளியுலகை எதிர்கொண்டு எழுதியது, மற்றது அண்டை வீட்டாரிடம் பேசுவது. நாட்டுக்கு ஒன்று என்ற விதியோ இந்த இரண்டாவது புத்தகத்தைத் தடை செய்கிறது. நைஜீரியா முடிந்தது, அடுத்து நார்வே.

ஒன்றுமே படிக்காததற்கு ஒன்றாவது மேல் என்ற வாதம் நொறுங்குவது இங்கேதான். நைஜீரியாவைப் பற்றி எதுவும் படிக்காதவருக்குத் தனக்குத் தெரியாது என்பது தெரியும். ஒன்று படித்து வண்ணமும் தீட்டியவருக்கு அந்தக் கூச்சம்கூடப் போய்விடுகிறது.

இதில் நமக்கு நேரடியான நட்டமும் உண்டு. இந்தியாவின் கட்டத்துக்கு மார்கன் எடுத்தது எம்.டி. வாசுதேவன் நாயரின் ‘காலம்’. நல்ல தேர்வு. ஆனால் கணக்குப்படி தமிழுக்குக் கிடைத்தது பூஜ்யம். வங்காளத்துக்கும் மராத்திக்கும் அதேதான். மாறாகத் தமிழுக்கு இடம் கிடைத்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தோம். பெருமாள்முருகனின் ‘பூக்குழி’ 2023இல் சர்வதேச புக்கர் நெடும்பட்டியலில் வந்தபோது, தமிழ்நாட்டுச் சாதிக் கொடுமையின் ஆவணம் என்று ஒற்றை வரியில் அதை அறிமுகப்படுத்துவதே எளிதாக இருந்தது. அந்த நாவலில் சாதி மாறி மணந்துகொள்ளும் குமரேசனின் சாதிப் பெயரும் இல்லை, சரோஜாவின் சாதிப் பெயரும் இல்லை. ஆசிரியர் தெரிந்தே மறைத்திருக்கிறார். பாறைமேல் வெயில் காயும் குடிசையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணைச் சுற்றி, பெயர் சொல்லப்படாத ஒன்று ஊர் முழுக்க நெருக்குகிறது. சொல்லாமல் விட்டதுதான் அதன் கலை. ஆவணம் கேட்கிறவர் அந்த வெற்றிடத்தைக் கலைக்களஞ்சியத்தைப் பார்த்து நிரப்பிக்கொள்வார். நிரப்பியதும் நாவல் செத்தது.

வேறு எப்படித்தான் படிப்பது? புத்தகங்களுக்குள்ளேயே உறவுமுறை இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டு போகலாம். காப்ரியேல் கார்சியா மார்க்வெஸ் 1961இல் மெக்சிகோவுக்குக் குடியேறியபோது நண்பர் ஒருவர் கொடுத்த யுவான் ரூல்ஃபோவின் ‘பெட்ரோ பராமோ’வை மனப்பாடமாகும் அளவு திரும்பத் திரும்பப் படித்தார். 1955இல் வந்த அந்தச் சின்ன நாவலில் கதை சொல்கிறவன் பாதியிலேயே பயத்தில் செத்துப்போய், புதைகுழிக்குள்ளிருந்து பேச்சைத் தொடர்கிறான். அதன் ஒரு பக்கத்தில் மச்சாடோவை வையுங்கள். மறுபக்கத்தில், 2022இல் புக்கர் வென்ற இலங்கை எழுத்தாளர் ஷெஹான் கருணாதிலகவின் நாவலை வையுங்கள். அதில் செத்துப்போன போர்ப் புகைப்படக்காரன் கொழும்பில் ஆவியாக அலைகிறான். மூன்று பிணங்கள், மூன்று விதமான பேச்சு. பிராஸ் கூபாஸுக்குச் சாவு வெட்கத்திலிருந்து விடுதலை. இனி யாருக்கும் பயந்து நல்லவனாக நடிக்க வேண்டியதில்லை. ரூல்ஃபோவின் ஆட்களுக்கு எதிலிருந்தும் விடுதலை இல்லை. மண்ணுக்கடியிலும் அதே பண்ணையார் பராமோவைப் பற்றிய முணுமுணுப்பு. கருணாதிலகவின் புகைப்படக்காரனுக்குச் செத்த பிறகும் வேலை பாக்கி இருக்கிறது. ஒளித்துவைத்த படங்களை ஊர் பார்த்தாக வேண்டும். உயிருள்ளவர் சொல்ல முடியாததைச் சொல்ல ஒவ்வொருவரும் ஏன் பிணத்தைத் தேடிப் போனார்கள் என்று யோசித்தால், பிரேசில், மெக்சிகோ, இலங்கை மூன்றின் வரலாறும் தானாகவே உள்ளே வந்துவிடும், அதுவும் உரிய கனத்தோடு. மூன்றையும் தனித்தனிக் கட்டத்தில் அடைத்தால் அடிமை முறை, புரட்சி, போர் என்று மூன்று பாடத் தலைப்புகள்தான் மிஞ்சும்.

தமிழ் வாசகனுக்கு இது புதிதல்ல. க.நா.சு. சுவீடனின் லாகர்குவிஸ்டையும் நார்வேயின் ஹாம்சனையும் ‘அன்பு வழி’, ‘நிலவளம்’ என்று தமிழில் கொண்டுவந்தபோது, ஸ்காண்டிநேவியாவைச் சுற்றிக் காட்டுவது அவர் நோக்கமல்ல. நாவல் இப்படியும் இருக்கலாம் என்று இங்கே எழுதுகிறவர்களுக்குக் காட்டினார். மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகாவும் அனுப்பிய புத்தகங்கள் நியூ செஞ்சுரி கடைகளில் சல்லிசாகக் கிடைத்த காலத்தில் நாம் தல்ஸ்தோயையும் தஸ்தயேவ்ஸ்கியையும் செகாவையும் கோர்க்கியையும் ஒருவர் பக்கத்தில் ஒருவராக வைத்துப் படித்தோம். அனுப்பிய அரசுக்குத் தன் பிரச்சாரம் முக்கியம். கிர்கிஸ்தானத்து ஐத்மாத்தவையும் ‘ரஷ்ய இலக்கியம்’ என்றே நாம் சேர்த்துக்கொண்டோம். இருந்தாலும் கோர்க்கியை வைத்துச் செகாவோடு சண்டை போட, செகாவை வைத்து கோர்க்கியைக் கேலி செய்ய நம்மால் முடிந்தது. ஒரு நாட்டில் இரண்டு எழுத்தாளர்களாவது தெரிந்தால்தான் அந்தச் சண்டை சாத்தியம்.

இன்று அக்டோபரில் நோபல் அறிவிப்பு வந்ததும் நம் பத்திரிகைகள் முதலில் எழுதுவது நாட்டின் பெயரை. அடுத்த புத்தகக் காட்சிக்குள் அவசர மொழிபெயர்ப்பு ஒன்று வந்துவிடுகிறது; பின்னட்டையில் மறுபடியும் நாடு. அந்த எழுத்தாளரின் இரண்டாவது நூல் வருவது அபூர்வம், அவர் யாரிடம் கற்றார் என்று தேடி அந்த முன்னோடியை வெளியிடுவது அதைவிட அபூர்வம். பதிப்பாளர்களிடம் நான் கேட்பது அதைத்தான்: அடுத்த நாட்டை விட்டுவிட்டு, வந்த எழுத்தாளரின் அடுத்த புத்தகத்தைக் கொண்டுவாருங்கள். நாடுகளைத் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் வரலாற்று நூல்களைப் படிக்கட்டும், நல்ல நூல்கள் நிறையவே இருக்கின்றன. நாவலைத் தகவலுக்காகப் படிக்கிறவரிடம் நாவலைப் பற்றிப் பேச எனக்கு ஒன்றுமில்லை.