தாச்சியில் பிறக்கும் சிவப்பு

தூள் போத்தலை ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வன்னியின் தண்ணீரூற்றிலும் முள்ளியவளையிலும் வீட்டில் வறுத்து இடித்த கறித்தூளுக்கு, வெறும் மிளகாய்த்தூளின் பளிச்சென்ற சிவப்பு இல்லை. கருமை படர்ந்த, ஆழ்ந்த, அமைதியான சிவப்பு அது. மழையில் நனைந்த செம்மண்ணின் நிறம். செடியில் பழுத்தது பாதி, தாச்சியில் பிறந்தது மீதி.

அந்தத் தாச்சியருகே சற்று நிற்போம். மல்லி, பெருஞ்சீரகம், நற்சீரகம், மிளகு, வெந்தயம், செத்தல் மிளகாய், கறிவேப்பிலை, மஞ்சள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி வறுப்பவர்கள் உண்டு. அவர்களை நான் மன்னிக்கத் தயாரில்லை. மல்லிக்கு நிதானமான நெருப்பு வேண்டும். வெந்தயம் ஒரு கணம் பிந்தினால் கசந்துவிடும். செத்தல் மிளகாயோ இன்னும் நுட்பமானது: தோல் மொறுமொறுத்து, சிவப்பு மெல்லக் கறுக்கத் தொடங்கும் அந்த இடத்தில் இறக்கிவிட வேண்டும். “கருக விட்டிடாதை பிள்ளை, மணம் வரேக்க இறக்கு” என்பதுதான் அம்மம்மாமார் சொல்லும் அளவு. அந்த மணம் எழும்போது வீடு முழுக்கக் கமறும், பிள்ளைகள் தும்மிக்கொண்டு முற்றத்துக்கு ஓடுவார்கள். பிறகு உரல், உலக்கை, அரிதட்டு. இப்போது பெரும்பாலும் மில்.

தூளில் மிளகும் இருப்பதைக் கவனியுங்கள். அமெரிக்கக் கண்டத்துச் செடியான மிளகாய் போர்த்துக்கேயர் காலத்தில் கடல் கடந்து வந்து சேர்வதற்கு முன், நம் கறிகளின் உறைப்பு மிளகினுடையது. புதியவள் வந்து வீட்டை நிறைத்த பிறகும் பழையவளை யாரும் வெளியேற்றவில்லை. மிளகாய் நாக்கின் நுனியில் சுள்ளென்று ஏற, மிளகு தொண்டையில் மெதுவாகச் சூடேற்றுகிறது. எவ்வளவு அழகான பங்கீடு!

வன்னி மண்ணும் மிளகாயைக் கொண்டாடியது. 1970களின் முற்பகுதியில் இலங்கை அரசு இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது செத்தல் மிளகாய்க்கு நல்ல விலை கிடைத்தது. விசுவமடு, முத்துஐயன்கட்டு இளைஞர் குடியேற்றத் திட்டங்களில் தோட்டங்கள் சிவந்தன. 1977க்குப் பின் திறந்த பொருளாதாரம் வந்தது, விலை சரிந்தது.

தூளின் முழு வடிவும் துலங்குவது நண்டுக்கறியில். நந்திக்கடல் களப்பு அருகிலேயே இருப்பது தண்ணீரூற்றுச் சமையலுக்கு வாய்த்த பாக்கியம். வதங்கிய வெங்காயத்தில் தூள் விழுந்து, தேங்காயின் இரண்டாம் பாலில் நண்டு கொதித்து, கடைசியில் முதற்பாலும் ஒரு பிடி முருங்கையிலையும் சேரும்போது அந்தக் கருஞ்சிவப்பு ஒரு பட்டுப்போன்ற மென்மை கொள்கிறது. உறைப்பைத் தரும் சத்து தண்ணீரில் கரைவது அரிது, கொழுப்பில் எளிதாகக் கரையும். தேங்காய்ப்பால் அதை அள்ளிக் குழம்பு முழுக்கப் பரப்பி, முரட்டுத்தனத்தை மட்டும் கழித்துவிடுகிறது. விளிம்பில் எண்ணெய் செம்மையாக மிதந்து நிற்கும் அந்தக் கணத்தில் அடுப்பை அணைக்க வேண்டும்.

இந்தக் குழம்புக்குப் பாண் நல்ல துணை என்பார்கள். என் வாக்கு ஆவி பறக்கும் அரிசிமாப் புட்டுக்கே. அதன் ஒவ்வொரு துகளும் குழம்பைக் குடித்துச் சிவக்கிறது.