மொழி வாழ்வது எதனால்?

மொழிகளை ஒப்பிடப் புகுவோர் இனிமையையும் தொன்மையையுமே அளவுகோலாகக் கொள்கின்றனர். வினைச்சொல்லை வாக்கியத்தின் முதலில் வைக்கும் ஐரிஷ் மொழியையும், ஈற்றில் வைக்கும் தெலுங்கையும் இலக்கணத்தால் பிரித்தறியலாம். அவற்றின் வாழ்வையும் தேய்வையும் அறிய, அவற்றைப் பேசிய உழைப்பாளரின் வரலாற்றையே நாம் நாடவேண்டும்.

அயர்லாந்தில் 1831இல் அமைந்த தேசியப் பாடசாலைகள் ஆங்கிலத்தையே போதனாமொழியாக்கின. 1845இல் தொடங்கிய பெரும் பஞ்சம் ஐரிஷ் பேசிய ஏழை உழவரைக் கொன்று குவித்தது. பல இலட்சம் பேரைக் கப்பலேற்றியது. 1937ஆம் ஆண்டின் அரசியலமைப்பு அம்மொழியை முதல் ஆட்சிமொழியாக்கிற்று. ஆயினும், 2022ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அந்நாட்டில் கல்விக்கூடத்துக்கு வெளியே அதனை நாள்தோறும் பேசுவோர் ஏறத்தாழ 72,000 பேரே.

தெலுங்கரோ தம் நிலத்தில் வேர்விட்டிருந்தனர். 1952இல் பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்தபோது மக்கள் கொதித்தெழுந்தனர். மறு ஆண்டே ஆந்திர மாநிலம் பிறந்தது. 2011இல் இந்தியாவில் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டோர் எட்டுக் கோடிக்கும் அதிகம்.

அதே தெலுங்கு கண்டிச் சீமையில் என்னவாயிற்று? அயர்லாந்து பட்டினியில் மடிந்த காலத்திலேயே இங்குள்ள கோப்பித் தோட்டங்களுக்குத் தென்னிந்தியக் கூலிகள் வந்துகொண்டிருந்தனர். தெல்தோட்டையை அடுத்த லூல்கந்துர தோட்டத்தில் 1867இல் தேயிலைப் பயிர் தொடங்கியது. மலைநாட்டுக்கு வந்தோருள் தெலுங்கு பேசியோரும் இருந்தனர். லயத்திலும் கொழுந்து மலையிலும் தமிழே பொதுமொழியானதால், அவர் வழிவந்தோர் தமிழரோடு கலந்தனர்.

1987இல் தமிழும் இலங்கையின் ஆட்சிமொழியாயிற்று. ஆயினும் அரச அலுவலகத்தில் தமக்கு விளங்காத படிவத்தில் கைநாட்டிடும் தொழிலாளர் இன்னும் உள்ளனர். மொழிப்பற்றைப் பேசும் ஆசிரியரும் மாணவரும் அவர் பக்கம் நிற்கவேண்டும். ஐரிஷ் மொழியின் கதை நமக்கு உணர்த்துவது இதுவே.