கமக்காரரின் விருப்பும் அதன் சமூக அடித்தளமும் – ஒரு விமர்சன நோக்கு

காலநிலைக்கு இயைந்த வேளாண்முறைகளைக் கைக்கொள்ளக் கமக்காரர் எவ்வளவு பணம் செலுத்த விரும்புகின்றனர் என அளவிடும் ஆய்வுகள் அண்மைக்காலத்திற் பெருகியுள்ளன. வயது, கல்வி, குடும்ப அளவு முதலியவற்றைக் காரணிகளாகக் கொண்டு விருப்பினைக் கணித்தல் இவற்றின் பொதுப்போக்காகும். கமக்காரரைப் பழமையில் ஊறியோரெனத் தள்ளாது அவர்தம் கருத்தினை வினவியமை இவ்வாய்வுகளின் சிறப்பு. ஆயினும், விருப்பினைத் தனிமனித மனநிலையாகக் கொள்ளும் எடுகோள் மறுபரிசீலனைக்குரியது.

சந்தையில் விலையற்றவற்றுக்கு மக்களிடமே விலை கேட்டறியும் வழியை 1947 இல் சிரியேசி-வான்ட்ரப் முன்மொழிந்தார். 1993 இல் அரோ, சோலோ ஆகியோர் தலைமையிலான அமெரிக்க நிபுணர் குழு, விடையளிப்போருக்கு அவர்தம் வருமான வரையறையை நினைவூட்டுதல் வேண்டுமென வற்புறுத்தியது. அளக்கப்படும் விருப்பு, வசதியினால் வரையறுக்கப்பட்டதே என்பது இதனாற் புலனாகும். கடனிற் பசளை வாங்கி, அறுவடை முடிந்ததும் நெல்லை விற்றுக் கடன் தீர்க்கும் சிறு கமக்காரர் ‘விருப்பமில்லை’ என்பது அறியாமையன்று. அது அவரது கணக்கு. அடுத்த போகத்திலும் தம்மிடம் இருக்குமோ என்றறியாத குத்தகை வயலின் மண்வளத்துக்கு எவர்தாம் முதலிடுவர்? குத்தகைக்காரருக்குப் பயிர்செய்யும் உரிமையில் பாதுகாப்பளிக்க முனைந்த 1958 ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டத்தின் முக்கியத்துவம் இங்குத் தெளிவாகின்றது.

நெற்செய்கையையே எடுத்துக்கொள்வோம். நீர் தேங்கிய வயலில் ஒட்சிசன் இன்மையால் மெதேன் வாயு உருவாகின்றது. வயலை இடையிடையே உலரவிட்டு மீண்டும் நீர்பாய்ச்சினால் மெதேனும் நீர்ச்செலவும் குறையும். ஆனால், பெருங்குளப் பாசனத்தில் நீரின் முறை தனியொருவர் கையில் இல்லை; வாய்க்காலின் கடைக்கோடியில் இருப்பவர், மீண்டும் நீர் வருமென்ற உறுதியின்றி வயலை உலரவிடத் துணியார். நீரை அளந்து விலை பெறாதவிடத்து, மிச்சப்படுத்திய நீரால் அவருக்குப் பண ஆதாயமுமில்லை. கூட்டாகத் தீர்க்கவேண்டியதைத் தனித்தனியாக வினவுதல் முறையியற் குறைபாடாகும்.

இதனினும் அடிப்படையான கேள்வியொன்றுண்டு. மெதேன் குறைவதன் பயன் உலகம் முழுமைக்கும் உரியது. உழைப்பும் இழப்பபாயமும் கமக்காரருக்கு உரியவை. அவ்வாறாயின், ‘எவ்வளவு செலுத்துவீர்?’ என்பதா, ‘எவ்வளவு பெற்றால் ஏற்பீர்?’ என்பதா பொருத்தமான வினா? மிகைமதிப்பீட்டைத் தவிர்க்கும் பொருட்டு மேற்கூறிய குழு முதல் வினாவையே விதந்துரைத்தது உண்மையே. ஆயின், எண்ணெய்க் கசிவின் சேதத்தை மதிப்பிடுதற்கு எழுந்த விதியை வறிய உற்பத்தியாளர்மீது ஏற்றுதல், யார் கடன்பட்டவர் என்பதை முன்கூட்டியே தீர்மானித்துவிடுகின்றது.

விருப்பினை வினவாது விடுவதன் விளைவையும் நாம் கண்டுள்ளோம். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. போதிய சேதனப் பசளையோ மாறுதற்குரிய கால அவகாசமோ வழங்கப்படவில்லை. கமக்காரர் கிளர்ந்தெழுந்தனர், நவம்பரில் அக்கொள்கை கைவிடப்பட்டது, தொடர்ந்த காலபோகத்தில் நெல் விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. ஆணையும் வினாக்கொத்தும் எதிரெதிரானவையாகத் தோன்றினும், மாற்றத்தின் செலவை உற்பத்தியாளர் தலையிற் சுமத்துவதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன.

எனவே, காணியுரிமை, கடன், நெல் விலை, நீர்ப்பங்கீடு ஆகியவற்றை ஆய்வின் பின்னிணைப்பிலன்றி அதன் மையத்தில் வைத்தல் வேண்டும். இவை மாறும்போது கமக்காரரின் விடையும் மாறும். அதுவரை அவரது ‘இல்லை’ என்ற விடையை அவருடைய குறைபாடாக அன்றி, சமூக அமைப்பின்மீது அவர் வழங்கும் தீர்ப்பாகவே வாசித்தல் தகும்.