ஃபன்றி: பார்ப்பதும் பார்க்கப்படுவதும்

விடலைக் காதல் படங்களுக்கென்று ஓர் இலக்கணம் உண்டு. பள்ளிக்கூடம், சைக்கிள், கொடுக்கப்படாத கடிதம். இவற்றினூடே ஒரு பையன் ஒரு பெண்ணைப் பார்த்துக்கொண்டே இருப்பான். அந்தப் பார்வைக்கு 'வெகுளித்தனம்' என்று பெயர் வைத்திருக்கிறோம். யார் வேண்டுமானாலும் யாரையும் பார்க்கலாம் என்கிற அனுமானம் இந்தச் சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது. நாகராஜ் மஞ்சுளேயின் முதல் முழுநீளப் படமான 'ஃபன்றி' (மராத்தி, 2013) இந்த அனுமானத்தைத்தான் போட்டு உடைக்கிறது.

ஜப்யா கைக்காடி சாதிப் பையன். கூட்டாளியோடு கறுப்புக் குருவி தேடிக் காடுமேடெல்லாம் அலைகிறான். அதை எரித்த சாம்பலைத் தூவினால் ஷாலு தன்வசமாகிவிடுவாள் என்று நம்பிக்கை. அவன் அப்பாவுக்கோ ஊர் ஏவும்போதெல்லாம் பன்றி பிடிக்கிற வேலை. ஆக, பிரதிக்குள் இரண்டு வேட்டைகள். குருவி வேட்டை அவன் ஆசை. பன்றி வேட்டை அவன்மேல் சுமத்தப்பட்ட சாதி. முதலாவதில் அவன் பார்க்கிறவன். இரண்டாவதில் பார்க்கப்படுகிறவன்.

இறுதிப் பகுதியில் பார்வையின் திசை தலைகீழாகிறது. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே குடும்பம் முழுக்கப் பன்றியை விரட்டுகிறது. ஊர் கூடி நின்று வேடிக்கை பார்க்கிறது. படம் நெடுகிலும் ஷாலு தன்னைப் பார்க்கமாட்டாளா என்று ஏங்கியவன், இப்போது அவள் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று ஒளிகிறான். சிரிக்கிறவர்களில் அவளும் ஒருத்தி. முதல் காதல் முடிவது அங்கேதான். நடுவே பள்ளியிலிருந்து தேசிய கீதம் கேட்கிறது. மகனும் அப்பாவும் அசையாமல் நிற்கிறார்கள். பன்றி தப்பி ஓடுகிறது. தேசம் அந்த உடல்களிடம் மரியாதையைக் கேட்டு வாங்கிக்கொள்கிறது. திருப்பி என்ன தருகிறது? பிறகு, பிடிபட்ட பன்றியைக் கம்பில் கட்டிச் சுமந்து போகும்போது பள்ளிச் சுவரில் அம்பேத்கரும் சாவித்திரிபாய் புலேயும் ஓவியங்களாக நிற்கிறார்கள்.

ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். ஷாலுவுக்கென்று படத்தில் ஓர் அகம் கிடையாது. ஆண் பார்வையின் பொருளாகவே அவளை நிறுத்துவதில், தான் உடைக்க வந்த இலக்கணத்துக்கே படம் கட்டுப்பட்டுவிடுகிறது. 'சைராட்'டில் (2016) ஆர்ச்சி திரும்பிப் பார்க்கிறாள், பேசுகிறாள். அங்கே கொலை விழுகிறது.

இன்னொன்று. படத்தில் வசையாக வீசப்படும் தலைப்புச் சொல் மராத்தியல்ல, கைக்காடி மொழி. அது தமிழுக்கு நெருங்கிய திராவிட மொழி. 'ஃபன்றி' நம்முடைய பன்றியேதான். நமக்கு அந்த வசையை மொழிபெயர்த்துச் சொல்ல ஆள் தேவையில்லை.

கடைசியில் ஜப்யா எறிகிற கல் நேரே காமிராவை நோக்கி வருகிறது, திரை இருண்டுவிடுகிறது. இதைக் கலகம் என்று கொண்டாடிவிட்டுப் போவது சுலபம். ஆனால் அந்தக் கல், வேடிக்கை பார்த்தவர்களைக் குறி வைத்தது. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இருட்டில் உட்கார்ந்து நாம் வேறென்ன செய்துகொண்டிருந்தோம்?