வெள்ளை வளையம் கிரஹாம் விதிக்குச் சாட்சியா?

பள்ளிக்கூடச் சோதனை ஞாபகம் இருக்கா? கண்ணாடிக் குழாயின் ஒரு முனையில் அம்மோனியா, மறுமுனையில் ஹைட்ரஜன் குளோரைடு, இடையில் வெள்ளை வளையம். "இதுதான் கிரஹாம் விதி"ன்னு பாடநூல்கள் முடிச்சுடுது. எனக்கு உடன்பாடில்லை.

குழாய் முழுக்கக் காற்று. மூலக்கூறுகள் அதில் மோதி மோதித்தான் நகர்கின்றன. ஒவ்வொன்றும் தன் வேகத்திலேயே போக, துளை மிக நுண்ணியதா இருக்கணும்: இரு மோதல்களுக்கு இடையிலான சராசரித் தூரத்தைவிடச் சின்னதா. சாதாரணக் காற்றில் அது சுமார் 70 நானோமீட்டர்தான்.

1945-ல் ஓக் ரிட்ஜில் இயங்கத் தொடங்கிய கே-25 ஆலை யுரேனியம் ஐசோடோப்புகளைப் பிரித்தது இத்தகைய துளைகளால்தான். துளை பெரிதானால் ரெண்டும் கலந்தே ஓடிவிடும். நுண்துளையிலும் வேக விகிதம் வெறும் 1.0043, அதனால்தான் ஆயிரக்கணக்கான படிகள்.

வளையம் அழகுதான், காட்டட்டும். ஆனா துளையின் அளவைச் சொல்லாமல் சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் பண்ண வைப்பது பாதிப் பாடம்தான்.